வாக்குத்தத்த அட்டையும் திருவிருந்து மேசையும்: வாசகர் கேள்வி–பதில்

புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. வாக்குத்தத்தம் யாருக்கு, உடன்படிக்கை என்றால் என்ன, ஆராதனையில் நாம் செய்வது எதற்கு என்று ஒரே இடத்தையே பல வாசகர்கள் பல பக்கமிருந்து தொட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, கேள்விகளைச் சுருக்கித் தருகிறோம்.

ஒரு வருஷத்துக்கு முன், டிசம்பர் 31 இரவு, வருஷத்துக்கான வாக்கு என்று சபையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். சட்டம் போட்டு கல்லாப்பெட்டிக்கு மேல் மாட்டினேன். ஆடி முடிவதற்குள் கடையை மூடிவிட்டேன். வசனம் பொய்யா, என் விசுவாசம் குறைவா?
– ஜவுளி வியாபாரி, உசிலம்பட்டி

இரண்டும் இல்லை, ஐயா. ஒரு வசனத்தை அதன் வீட்டிலிருந்து பிரித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. உங்கள் அட்டையில் இருப்பது 11-ஆம் வசனம். அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தில் "எழுபது வருஷம்" என்று இருக்கிறது. கடிதம் கேட்டவர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று கர்த்தர் சொன்னது அவர்களிடம்தான். அதோடு, 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில் வேலையும் கொடுக்கிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், சிறையாக வந்த பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம்பண்ணுங்கள்.

இதற்கு எதிர்ப்பேச்சு பேசியவனும் ஒருவன் உண்டு. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னும் நின்று, "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். கேட்கிறவர்களுக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் அவன் செத்துப்போனான். இன்றைக்கும் "இந்த வருஷமே உனக்கு" என்று தேதி போட்டுக் கொடுக்கிறவர்களின் பேச்சு அனனியாவின் பேச்சைப் போலத்தான் கேட்கிறது.

அப்படியானால் அந்த வசனம் நமக்கு இல்லையா? உண்டு, ஆனால் நேரே வருவதில்லை, கிறிஸ்து வழியாக வருகிறது. "தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" என்று பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 1:20). ஆகவே எந்த வாக்குத்தத்தத்தை எடுத்தாலும் இந்த வரிசையில் கேளுங்கள்: இதை யாரிடம் சொன்னார்? நிபந்தனையோடா, நிபந்தனை இல்லாமலா? கிறிஸ்து வந்து இதில் எதைச் செய்து முடித்தார்? அவருக்குள் இருக்கிற எனக்கு அதில் இன்று கையில் வருவது எது, அவர் திரும்ப வரும்போது வருவது எது? எரேமியா 29-ஐ இப்படி வாசித்தால், கடை நிலைக்கும் என்ற உத்தரவாதம் கிடைக்காது. கடை போனாலும் தேவன் உங்களைக் கைவிடவில்லை என்பது கிடைக்கும். அடுத்த வேலையைத் தேடு, தள்ளுவண்டியானாலும் போடு என்ற கட்டளையும் கிடைக்கும்.

ஆபிரகாமையே பாருங்கள். தேசத்தைத் தருவேன் என்ற வாக்கை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. சாராள் இறந்தபோது அடக்கம்பண்ண ஒரு சாண் நிலம் சொந்தமாக இல்லை. எப்பெரோனிடம் 400 சேக்கல் நிறை வெள்ளி, நம் கணக்கில் சுமார் நாலரைக் கிலோ, நிறுத்துக் கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கினார். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்திலேயே விலை கொடுத்துக் கல்லறை நிலம் வாங்கிய மனுஷனைத்தான் வேதம் விசுவாசிகளின் தகப்பன் என்கிறது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

அட்டை அடிக்கும் சபைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வசனத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வசன எண்களையும் அட்டையின் பின்பக்கம் அச்சிடுங்கள். எழுபது வருஷத்தை மறைத்து அட்டை கொடுக்க வேண்டாம்.

நோவா, ஆபிரகாம், மோசே, தாவீது என்று எத்தனையோ உடன்படிக்கைகள். இவற்றில் எது நம்மைக் கட்டும்? பத்துக் கட்டளை மீறினால் ஆபிரகாமின் ஆசீர்வாதம் போய்விடுமா?
– ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், திருமங்கலம்

உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது, ஐயா. தான செட்டில்மெண்ட் பத்திரம் வேறு, குத்தகை ஒப்பந்தம் வேறு. செட்டில்மெண்டில் கொடுக்கிறவர்தான் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கிறார், வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால் போதும். குத்தகையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள், பாட்டம் கட்டாவிட்டால் நிலம் போய்விடும். பதிவாகிவிட்ட செட்டில்மெண்டை அதே நிலத்துக்குப் பிறகு வந்த குத்தகை ரத்து செய்யாது. கலாத்தியர் 3:15 முதல் 18 வரை பவுல் வைக்கும் வாதம் இதுதான். 430 வருஷம் கழித்து மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணம், ஆபிரகாமுக்குக் கிறிஸ்துவை முன்னிட்டு உறுதிபண்ணின உடன்படிக்கையைத் தள்ளிவிடாது.

ஆபிரகாமின் உடன்படிக்கை எப்படி எழுதப்பட்டது என்பதை ஆதியாகமம் 15-இல் பாருங்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகப் பிளந்து துண்டங்களை எதிரெதிராக வைத்தார், பறவைகளைப் பிளக்கவில்லை. வெயிலில் கிடந்த மாம்சத்தின்மேல் பறவைகள் இறங்க, ஆபிராம் (ஆபிரகாமின் முந்தின பெயர்) துரத்திக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவர் செய்த வேலை அவ்வளவுதான். சூரியன் இறங்கும்போது அயர்ந்த நித்திரை. இருட்டின பிறகு புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் துண்டங்களின் நடுவே கடந்து போயின.

துண்டங்களின் நடுவே நடப்பது எதற்கு என்பதை எரேமியா 34:18–20 விளக்குகிறது. எருசலேமின் பிரபுக்கள் கன்றுக்குட்டியைத் துண்டித்து அதன் நடுவே கடந்து, அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை பண்ணினார்கள். பிறகு அதே அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். கர்த்தர் அவர்களை அந்தக் கன்றுக்குட்டியின் கதிக்கே ஒப்புக்கொடுக்கிறார். "வாக்கு மாறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கு ஆகட்டும்" என்பதே அந்த நடையின் பொருள். ஆபிராம் நடக்கவில்லை, தேவன் ஒருவரே நடந்தார். வாக்கு மீறியது மனுஷர், சாபத்தைச் சுமந்தது கிறிஸ்து (கலாத்தியர் 3:13).

சீனாய் மலை வேறு மாதிரி. யாத்திராகமம் 24-இல் மோசே இரத்தத்தில் பாதியைப் பாத்திரங்களில் வார்த்து, பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளித்தார். உடன்படிக்கையின் புஸ்தகத்தை ஜனங்கள் காதுகேட்க வாசித்தார். கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே மீதி இரத்தத்தை அவர்கள்மேல் தெளித்தார். இரண்டு தரப்பும் கட்டுப்பட்டது. மோசே மலையிலிருந்து இறங்குவதற்குள் பொன் கன்றுக்குட்டி வார்த்தாகிவிட்டது.

அதனால்தான் எரேமியா 31:31–34-இல் புது உடன்படிக்கை அறிவிக்கப்படுகிறது. பிரமாணம் கற்பலகையில் இருக்காமல் உள்ளத்தில் எழுதப்படும், சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் அவரை அறிவார்கள், அக்கிரமம் இனி நினைக்கப்படாது. எபிரெயர் 8-ஆம் அதிகாரம் இந்தப் பகுதியை முழுவதுமாக எடுத்துப் போடுகிறது. புதிய ஏற்பாட்டில் இவ்வளவு நீளமான பழைய ஏற்பாட்டு மேற்கோள் வேறு இல்லை. நம்மைக் கட்டுவது இந்த உடன்படிக்கை. பத்துக் கட்டளையை அது வீசி எறியவில்லை, உள்ளே எழுதுகிறது. அதை மீறும்போது மனந்திரும்புகிறோம், சிட்சிக்கப்படுகிறோம். ஆனால் ஆபிரகாமின் சுதந்தரம் (வாரிசுரிமை) ரத்தாவதில்லை. அது நம் கையெழுத்தை நம்பி எழுதப்பட்டதில்லை.

நோவாவின் உடன்படிக்கை சகல ஜீவன்களோடும் செய்யப்பட்டது, வானவில் அதற்கு அடையாளம். பூமியுள்ளவரை நிற்கும், விவாதத்துக்கு இடமில்லை.

தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிற்கும் என்று 2 சாமுவேல் 7-இல் சொன்னவர், கி.மு. 586-இல் எருசலேம் விழ ஏன் விட்டார்?
– இறையியல் மாணவர், அரசரடி

தம்பி, இந்தக் கேள்வியை வேதமே கேட்டுவிட்டது. 89-ஆம் சங்கீதத்தில் 52 வசனங்கள். 37 வரை தாவீதுக்குக் கொடுத்த வாக்கைப் புகழ்கிறது. 38-இல் சட்டென்று திரும்பி, "நீர் எங்களை வெறுத்துத் தள்ளிவிட்டீரே, உடன்படிக்கையை ஒழித்துவிட்டீரே, ஆணையிட்ட கிருபை எங்கே" என்று தேவனிடமே வழக்காடுகிறது. அந்த வழக்குக்குச் சங்கீதத்தில் பதிலே இல்லை. நம் சபைகளில் முதல் பாதியை வாசித்து நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய நஷ்டம். கேள்வியை மறைக்காமல் தேவனுடைய முகத்துக்கு நேரே வைப்பதும் ஆராதனைதான். உசிலம்பட்டி வியாபாரிக்கு டிசம்பர் 31 இரவில் இந்தச் சங்கீதம் முழுவதையும் வாசித்துக் காட்டியிருக்கலாம்.

பதில் பெந்தெகொஸ்தே நாளில் வந்தது. அப்போஸ்தலர் 2:29–36-இல் பேதுரு தாவீதின் கல்லறையைச் சுட்டிக்காட்டுகிறார். தாவீது செத்தார், அவர் கல்லறை இதோ இருக்கிறது. சிங்காசனத்தில் வீற்றிருக்கும்படி எழுப்பப்பட்டவர் இயேசு, அவர் தேவனுடைய வலதுபாரிசத்தில் இருக்கிறார். எருசலேமின் அரண்மனையைத் தேடினால் சிங்காசனம் காலியாகத்தான் தெரியும். பாடத்துக்காகக் கட்டுரை எழுதும்போது லூக்கா 1:32–33-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் திருவிருந்து, அதாவது ஆராதனையில் தரும் அப்பமும் திராட்சை ரசமும், எடுக்கக்கூடாது என்று மாமியார் சொல்கிறார்கள். லேவியராகமத்தில் இருக்கிறதே என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி, மேலூர்

எடுக்கலாம் அம்மா. தயங்காமல் எடுங்கள்.

லேவியராகமம் 15 சொல்வது இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமாகிய ஆசரிப்புக்கூடாரத்துக்குள் வருவதற்கான சுத்த ஒழுங்கு. அதே அதிகாரம் ஆண்களுக்கும் தீட்டு சொல்கிறது. அந்தப் பாதியை வீட்டில் யாரும் எடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்குள்ள) பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது, சட்டப்படி அவர் தீட்டுப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. அவருடைய சுத்தம் அவளிடத்துக்குப் போனது (மாற்கு 5:25–34). "மகளே" என்று கூப்பிட்டு எல்லார் முன்னும் நிறுத்தினார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக இப்போது வழி இயேசுவின் இரத்தம் (எபிரெயர் 10:19). அந்த வழியில் மாதத்தில் சில நாள் கேட் பூட்டப்படுவதில்லை. மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மாற்கு 5-ஐ அவர்களையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை வாசிக்கட்டும்.

மகனுக்கு வேலை கிடைத்தால் ஆலயத்துக்கு ஆடு கொடுப்பதாகப் பொருத்தனை செய்தேன். கிடைத்துவிட்டது. கிறிஸ்து ஒரே பலியாகிவிட்ட பிறகு ஆடு வெட்டுவது தப்பு என்கிறார் ஒரு ஊழியர்.
– விவசாயி, வத்தலக்குண்டு அருகில்

பொருத்தனையைச் செலுத்துங்கள். உபாகமம் 23:21 அதைத் தாமதிக்காதே என்கிறது. ஆனால் எதைச் செலுத்துகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, போகும் ஆடு சாப்பாடு, பலி இல்லை. ஆலய வாசலில் வெட்டுவதும், இரத்தத்தை நிலைப்படியில் தெளிப்பதும், தலையைத் தனியாக எடுத்து ஆராதனையில் வைப்பதும் வேண்டாம். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஊழியர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

பழைய ஏற்பாட்டில் பலி ஓயவே ஓயாது. எண்ணாகமம் 28-இன்படி தினமும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி. ஒவ்வொன்றோடும் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது சுமார் இரண்டு லிட்டர், ஹின் என்ற அளவில் கால் பங்கு எண்ணெய், ஏறக்குறைய ஒரு லிட்டர். வருஷத்துக்கு எழுநூறு குட்டிகளுக்கு மேல். ஓய்வுநாள், மாதப்பிறப்பு, பண்டிகைப் பலிகள் இதில் சேரவில்லை. ஆசரிப்புக்கூடாரத்தின் பணிமுட்டுகளை யாத்திராகமம் வரிசையாகச் சொல்கிறது: பலிபீடம், தொட்டி, மேசை, குத்துவிளக்கு, தூபபீடம், பெட்டி. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம் அந்த வரிசையில் இல்லை. எபிரெயர் 10:11–12 இதைப் பிடித்துக்கொள்கிறது. எந்த ஆசாரியனும் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைச் செலுத்தினான். இவரோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார்.

உட்கார்ந்துவிட்டவருக்கு நாம் ஆட்டைக் கொடுத்து வேலை வாங்க முடியாது. உங்கள் மகனின் வேலைக்கு ஆடு கூலி இல்லை, கிடைத்த பிறகு சொல்லும் நன்றி. எபிரெயர் 13:15–16 இப்போதுள்ள பலிகள் எவை என்று சொல்கிறது: உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி, நன்மை செய்வது, தானதர்மம். அசனம் மூன்றாவதில் வரும், அதுவும் ஒரு நிபந்தனையில்.

நிபந்தனை பந்தி. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா" என்று பவுல் கடிந்துகொண்ட பிறகே திருவிருந்தின் வார்த்தைகளை எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:20–26). அசனத்தில் கமிட்டிக்கு ஒரு பந்தி, தெருவுக்கு ஒரு பந்தி, சாதிக்கு ஒரு பந்தி என்று போட்டால், அன்று காலை எடுத்த திருவிருந்தை மத்தியானமே மறுத்தாயிற்று. ஆடு கொடுக்கும்போதே "ஒரே பந்தி" என்று சொல்லிக் கொடுங்கள். கொடுக்கிறவர் சொன்னால் கேட்பார்கள்.

அளவும் சொல்லிவிடுகிறோம். உயிரோடு 18 கிலோ நிற்கும் கிடாயில் கறி 8 முதல் 9 கிலோ தேறும். தலைக்கு 100 கிராம் வைத்தால் 80 முதல் 90 பேர். அத்தனை பேருக்கு அரிசி 12 கிலோ போதும். ஆள் கூடினால் கறியை மெலிதாக்காமல் பருப்பும் கத்தரிக்காயும் போட்டு இன்னொரு குழம்பு வையுங்கள்.

எங்கள் சபையில் நாற்பது நிமிஷம் பாட்டு. மேடையில் இருப்பவர்கள் பாடுகிறார்கள், சபை கைதட்டுகிறது. கீர்த்தனை பாடினால் பழசு என்கிறார்கள். ஆராதனை ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும்?
– பாடகர் குழுத் தலைவி, திண்டுக்கல் சாலை, மதுரை

பழசா புதுசா என்பது இரண்டாம் பட்சம். மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷனரி எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் அச்சிட்டபோது அவையும் சபைக்குப் புதுசுதான். அதுவரை ஆராதனையில் பெரும்பாலும் வெள்ளைக்காரர் மெட்டில்தான் ஞானப்பாட்டு பாடினார்கள். பார்க்க வேண்டியது, பாட்டு எதற்கு மறுமொழியாக வருகிறது என்பதை.

யாத்திராகமம் 24-இன் வரிசையைத் திரும்பப் பாருங்கள். தேவன் கூப்பிடுகிறார், வார்த்தை வாசிக்கப்படுகிறது, ஜனங்கள் பதில் சொல்கிறார்கள், இரத்தம் தெளிக்கப்படுகிறது, 11-ஆம் வசனத்தில் தேவ சமுகத்தில் புசித்துக் குடிக்கிறார்கள். முதல் பேச்சு அவருடையது. நாற்பது நிமிஷம் நாமே பாடி, பிறகு அவர் பேச இடம் விட்டால் வரிசை தலைகீழ். "வாரும், இறங்கும்" என்று பாடிப்பாடி அவரை வரவழைப்பதாக ஒரு நினைப்பும் உள்ளே நுழைந்துவிடும். வந்தவரை அழைக்க வேண்டியதில்லை.

ஒன்றரை மணி நேர ஆராதனையை இப்படிப் பிரிக்கலாம்: அழைப்பு வசனமும் ஒரு பாட்டும் 8 நிமிஷம். பாவ அறிக்கையும் மன்னிப்பின் வசனமும் 6, அதற்கு மறுமொழியாக ஒரு பாட்டு 4. பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், சுவிசேஷம் வாசிப்பு 12. செய்தி 25. விசுவாசப் பிரமாணமும் வேண்டுதல் ஜெபமும் 10. காணிக்கை, பாட்டு 6. திருவிருந்து 17. ஆசீர்வாதம் 2. பாட்டு நேரம் குறைந்தாலும், பாட்டு சரியான இடத்துக்கு மாறியிருக்கிறது. மன்னிப்பின் வசனத்துக்கு அடுத்து வரும் பாட்டைச் சபை பாடுவதைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சபை வாயைத் திறக்காததற்கு ஆவிக்குரிய காரணம் தேடும் முன் சுருதியைப் பாருங்கள். மேல் ஷட்ஜத்தையும் தாண்டிக் காந்தாரம் வரை போகும் மெட்டை ஒரு கட்டையில் எடுத்தால் பயிற்சியுள்ள குரல் பாடும், பின்வரிசை நின்றுவிடும். கீழே ஆறரைக் கட்டைக்கு, அதாவது ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே உள்ள சுருதிக்கு, இறக்குங்கள். அனுபல்லவியில் வயதானவர்கள் சேர்ந்துகொள்வார்கள். மேடையில் நான்கு மைக் இருந்தால் இரண்டை அணையுங்கள். பாடுகிறவருக்குப் பக்கத்திலிருப்பவரின் குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தன் குரல் தேவையில்லை என்று எண்ணி நிறுத்திவிடுவார். ரிதம் பேடு சத்தம் சுவரில் மோதித் திரும்பும் ஓட்டுக் கட்டடமானால் தபேலாவே போதும்.

மாதம் ஒருமுறை 120 பேருக்குத் திருவிருந்து. திராட்சை ரசம் நாங்களே தயாரிக்கிறோம். சில மாதம் புளிக்கிறது, சில மாதம் கசக்கிறது. சரியான முறை என்ன? மீந்ததை என்ன செய்வது?
– கோயில் பிள்ளை (ஆலயப் பணியாளர்), வாடிப்பட்டி வட்டாரம்

முதலில் ஒரு எச்சரிக்கை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம் புளித்த இயற்கைத் திராட்சை இரசத்தையும், கலப்பில்லாத கோதுமை அப்பத்தையும் கேட்கிறது. அங்கே இந்த முறை செல்லாது. புளிக்காத ரசம் பயன்படுத்தும் சபைகளுக்காகச் சொல்கிறோம்.

தனிக் கிண்ணத்துக்கு 10 மில்லி என்றால் 120 பேருக்கு 1.2 லிட்டர். சிந்துவதற்கும் கூட வருகிறவர்களுக்கும் சேர்த்து 1.4 லிட்டர் வையுங்கள். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை ஒரு கிலோவில் 600 முதல் 700 மில்லி சாறு வரும். காம்பு, அழுகல் கழியும், ஆகவே இரண்டரைக் கிலோ வாங்குங்கள். விதையில்லாப் பச்சைத் திராட்சையில் நிறம் வராது. கலர் பொடி கரைத்த தண்ணீர் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். "திராட்சப்பழரசம்" என்று கர்த்தர் சொன்னது பழத்திலிருந்து வந்தது.

உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள், மருந்து அடித்த பழம். காம்பை முழுவதும் நீக்குங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு இளந்தீயில் வையுங்கள். பத்து நிமிஷத்தில் தோல் வெடிக்கும். மரக்கரண்டியால் மசித்து இன்னும் ஐந்தாறு நிமிஷம். உங்கள் கசப்புக்குக் காரணம் அநேகமாக மிக்ஸி. அது விதையை உடைத்துவிடும். அல்லது காம்பு. வெள்ளைத் துணியில் வடிகட்டி, பிழியாமல் தானாக இறங்க விடுங்கள், பிழிந்தால் கலங்கும். வடிகட்டியதைத் திரும்ப அடுப்பேற்றி, கொதி வருமுன் ஓரத்தில் நுரை கட்டும் சூட்டில் பத்து நிமிஷம் வைத்து, வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். இந்த இரண்டாம் சூட்டை விட்டுவிடுவதால்தான் புளிக்கிறது. துணியிலும் கையிலும் ஒட்டிய கிருமி அப்படியே பாட்டிலுக்குள் போகும், சித்திரை வெயிலில் மறுநாளே நுரைக்கும். ஃபிரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும். சனிக்கிழமை சாயங்காலம் செய்வது நல்லது. அலுமினியப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடவே கூடாது. பழத்தின் புளிப்பு உலோகத்தை அரிக்கும், வயிற்றைக் கெடுக்கும்.

அப்பத்துக்கு 250 கிராம் கோதுமை மாவு, சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், தண்ணீர். மெல்லியதாகத் தேய்த்து எண்ணெயில்லாத தோசைக்கல்லில் போட்டெடுங்கள். ரொட்டி வைக்கும் சபையானால் 400 கிராம் பாக்கெட் ஒன்று தாராளம். ஓரத்தை நீக்கிச் சிறு சதுரமாக ஞாயிறு காலையிலேயே வெட்டுங்கள். முந்தின இரவே வெட்டி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் காய்ந்து உதிரும், வயதானவர்களுக்குத் தொண்டையில் சிக்கும்.

கிண்ணத்தை முக்கால் வரை நிரப்பாதீர்கள், பாதிக்குச் சற்று மேல் போதும். நடுங்கும் கைகள் உண்டு. மேசையின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். எறும்பு ஆராதனை ஆரம்பிக்குமுன்னே வந்துவிடும்.

மீந்ததைச் சாக்கடையில் ஊற்றுவதும், கோழிக்குப் போடுவதும், பிள்ளைகள் மேசையைச் சுற்றி அள்ளித் தின்பதும் சரியில்லை. ஆராதனை முடிந்ததும் ஆயரும் உதவியவர்களும் நின்றபடியே அமைதியாகப் புசித்துக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். படுக்கையிலுள்ளவர்களுக்குக் கொண்டுபோவதானால் அன்றே போகட்டும். ஆலயக் கிண்ணம் வெள்ளி முலாமானால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். வெந்நீரில் அலசி, உடனே துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள்.